கடன் வாங்கிய பி.டி. பீரியட்

பத்தாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கும் ஆசிரியர்களுக்கு வணக்கம்.

நானும் கணக்கு டீச்சர்தான். ஓய்வு பெற்று மூன்று வருஷம் ஆகிறது. "இந்த ஒரு பீரியட் மட்டும் குடுங்க சார், அடுத்த வாரம் திருப்பித் தந்துடறேன்" என்று பி.டி. சாரிடம் எத்தனை தடவை கேட்டிருப்பேன்! ஒருநாளும் திருப்பித் தந்ததில்லை. அவரும் கேட்டதில்லை. விசிலைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, ஆபீஸ் ரூமில் யாருக்காவது பதிவேடு எழுதிக் கொடுக்கப் போய்விடுவார்.

அரையாண்டுத் தேர்வு முடிந்தால் வாரத்தின் இரண்டு பி.டி. பீரியடும் எனக்குத்தான். ஜனவரியிலிருந்து 10 வாரம், 20 பீரியட், பீரியடுக்கு 40 நிமிஷம்: 13 மணி நேரத்துக்கு மேல். அதில் என்ன செய்தேன்? ஏற்கெனவே போட்ட வரைபடக் கணக்கையே திரும்பப் போட்டேன். வெளியே ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் கோ-கோ ஆடும் சத்தம் கேட்டால் ஜன்னலைச் சாத்தச் சொல்வேன். அந்த 13 மணி நேரத்தால் தேறினாள் என்று ஒரு பிள்ளையைக்கூட என்னால் கைகாட்ட முடியாது.

5 முதல் 17 வயது வரை உள்ள பிள்ளைகள் சராசரியாகத் தினம் 60 நிமிஷம் மூச்சு வாங்க ஓடியாட வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். வாரத்துக்கு 420 நிமிஷம். எங்கள் அட்டவணையில் இருந்தது 80. ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. அதில்தான் நான் கை வைத்தேன். பி.டி. வகுப்பைக் கடன் வாங்காதீர்கள் என்று உதயநிதி ஸ்டாலின் மேடையிலேயே கேட்டபோது ஸ்டாஃப் ரூமில் சிரித்தவர்களில் நானும் ஒருத்தி.

இப்போது ஏன் இந்த மடல் என்றால், எனக்குச் சர்க்கரை. "தினம் முக்கால் மணி நேரம் நடங்கம்மா" என்றார் டாக்டர். பூங்காவைச் சுற்றிச் சுற்றி வந்தேன். ஒன்பது நாள் தாங்கியது. மருந்தாக நினைத்து நடப்பதில் ஒரு சலிப்பு இருக்கிறது, நடந்து பார்த்தவர்களுக்குத் தெரியும்.

பத்தாவது நாள் பக்கத்து வீட்டுப் பேத்தி ஒரு ரப்பர் ரிங்கை வைத்துக்கொண்டு மொட்டைமாடியில் தனியாக ஆடிக்கொண்டிருந்தாள். "இப்படிப் போடு" என்று கை நீட்டினேன். ஒன்பதாவது படிக்கும்போது தாவணியை இழுத்துச் செருகிக்கொண்டு ஆடிய ஆட்டம். ஒரே கையால் பிடிக்கணும், பிடித்த கையாலேயே உடனே திருப்பி எறியணும், நெஞ்சோடு அணைத்தால் பாயின்ட் போச்சு. வந்த ரிங்கை என் கை போய்ப் பிடித்தது. முழங்கால் அன்றிரவு முழுக்கத் திட்டியது, அது வேறு கதை. இப்போது மாலையில் நாங்கள் நாலு பெண்கள் ஆடுகிறோம். ஐந்தாவதாக வந்தவர் இரண்டே நாளில் நின்றுவிட்டார். பள்ளியில் ரிங்கைத் தொட்டதே இல்லையாம், தன்னைப் பார்த்து எல்லாரும் சிரிப்பதுபோல் இருக்கிறதாம்.

ஃபின்லாந்தில் 1980-ல் மூவாயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்ட பிள்ளைகளை எடுத்துக்கொண்டு, அவர்கள் பெரியவர்களாகும்வரை பின்தொடர்ந்து பார்த்திருக்கிறார்கள். சிறு வயதில் வருஷக்கணக்கில் விடாமல் விளையாடியவர்கள் வளர்ந்த பிறகும் உடம்பை அசைக்கும் வாய்ப்பு கூடுதல் என்று தெரிந்தது. தொடர்பு மிதமானதுதான், ஒட்டுறவு (இரண்டு விஷயம் சேர்ந்தே வருவது) வேறு, ஒன்றுக்கு மற்றது காரணமாக இருப்பது வேறு என்று பாடம் எடுத்தவள் நான், மிகைப்படுத்த மாட்டேன். ஆனால் அந்த 'விடாமல்' என்பதைக் கவனியுங்கள். நாம் விட வைப்பது சரியாகப் பத்தாம் வகுப்பில். பையன்களுக்காவது ஞாயிற்றுக்கிழமை கிரிக்கெட் மிஞ்சுகிறது. பெண் பிள்ளைகளுக்கு வயதுக்கு வந்ததும் தெரு போய்விடுகிறது; மிஞ்சுவது பள்ளி மைதானம் ஒன்றுதான். 2022 நிலவரப்படி இந்தியாவில் போதிய உடலுழைப்பு இல்லாதவர்கள் ஆண்களில் 42 விழுக்காடு, பெண்களில் 57 விழுக்காடு என்று 'லான்செட் குளோபல் ஹெல்த்' இதழின் கட்டுரை ஒன்று சொன்னது. அந்த 57-ல் என் மாணவிகள் எத்தனை பேரோ என்று கூட்டிக் கழித்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

உங்கள் கஷ்டம் தெரியாமல் எழுதவில்லை. தேர்ச்சி விழுக்காடு குறைந்தால் கூட்டத்தில் எழுப்பி நிறுத்துவது உங்களைத்தான், பி.டி. சாரை அல்ல. அதனால் தலைமையாசிரியர்களிடம் ஒன்று கேட்கிறேன்: ஜூனில் கால அட்டவணை போடும்போது பத்தாம் வகுப்பு பி.டி.யைக் கடைசிப் பீரியடில் போடாதீர்கள். நான் முதலில் எடுத்ததெல்லாம் அதைத்தான். விளையாட்டுச் சாமான் அறையையும் ஒருமுறை திறந்து பாருங்கள். எங்கள் பள்ளியில் ரிங்குகள் ஆணியில் தொங்கியே வெடித்துப் போயிருந்தன.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஒரு கணக்கு டீச்சர்