ஈரம் காத்தவர்களுக்கு ஒரு நன்றி மடல்

அன்புள்ள ஊர்க்காரர்களுக்கும், வெளியூரிலிருந்து வந்து கைகொடுத்தவர்களுக்கும் வணக்கம்.

பலகைகளை இறக்கியாயிற்று. வாடிய இதழ்கள் உரக்குவியலுக்குப் போய்விட்டன. களிமண் தன் தொட்டிக்குத் திரும்பிவிட்டது. இனி உட்கார்ந்து நன்றி சொல்ல நேரமிருக்கிறது.

இந்த மாதிரி மடல்கள் பேண்டு வாத்தியக்காரர்களில் தொடங்கி கேக் சுட்டவர்களில் முடியும். நடுவில் 'மற்றும் பலர்' என்று ஒரு சொல் வரும். ஊற்றுகளைப் பூப்பலகைகளால் அலங்கரிக்கும் நம் வெல் டிரெஸ்ஸிங் விழாவில் பெரும்பாரம் சுமப்பவர்கள் அந்தப் பலர்தான். பார்க்க வந்தவர்கள் திரும்பத் திரும்பக் கேட்டது ஒரே கேள்வி: பறித்த பூ ஒரு வாரம் எப்படி நிற்கிறது? பூவையே பார்த்துக்கொண்டிருந்தால் பதில் கிடைக்காது. அதற்கு அடியிலுள்ள மண்ணையும் மரத்தையும் பார்க்க வேண்டும். ஆகவே வேலை நடந்த வரிசையிலேயே நன்றியும்.

இதைக் கேள்விப்படாதவர்களுக்கு இரண்டு வார்த்தை. இங்கிலாந்தில் டெர்பிஷையரின் ஒயிட் பீக் பகுதி சுண்ணாம்புக்கல் மேடு. மழைத் தண்ணீர் பாறை வெடிப்புகளில் இறங்கி மறைந்துவிடும். ஊற்று இருக்கும் இடம் பார்த்துத்தான் ஊர் உட்கார முடியும். அந்த ஊற்றுகளுக்குப் பூப்பலகை சார்த்தி நன்றி சொல்வதுதான் வெல் டிரெஸ்ஸிங். 'வெல்' என்றதும் நமக்கு உறைகிணறும் ராட்டினமும் நினைவுக்கு வரும். இங்கே அது பெரும்பாலும் ஒரு கல்தொட்டி, ஓர் ஊற்றுக்கண், சில ஊர்களில் வெறும் தெருக்குழாய். இங்குள்ள டிஸ்ஸிங்டன் என்ற ஊரில் 1349-இல் கொள்ளைநோயிலிருந்து ஊர் தப்பியதற்காகத் தொடங்கியது என்று ஒரு கதை, 1615 வறட்சியிலும் ஊற்று வற்றாததற்காக என்று இன்னொரு கதை. இந்த மண்ணைத் தெரிந்தவர்கள் இரண்டாவதின் பக்கம்தான் சாய்வார்கள். விர்க்ஸ்வொர்த்துக்கு 1827-லும் யூல்கிரேவுக்கு 1829-லும் குழாய்த் தண்ணீர் வந்தது. அந்த ஊர்களின் அலங்காரம் அந்தக் குழாய்களுக்கு.

சரி, நன்றிக்கு வருவோம்.

முதல் நன்றி பலகைகளை ஊறப்போட்டவர்களுக்கு. பலகை என்கிறோமே தவிர, அது ஓரம் கட்டிய ஆழமில்லாத மரத்தட்டு. அடிப்பக்கம் முழுக்க ஆணி அடித்து, பாதி வெளியே நீட்டியிருக்க விடுவோம். நிமிர்த்தி வைத்த பிறகு களிமண்ணைப் பிடித்துக்கொள்வது அந்த ஆணிகள்தான். இதை நாலைந்து நாள் தண்ணீரில் மூழ்கடித்து வைக்க வேண்டும். மரம் மிதக்கும் என்பதால் மேலே கல் ஏற்ற வேண்டும், காலையும் மாலையும் போய்ப் பார்க்க வேண்டும். ஊறாத மரம் களிமண்ணிலுள்ள ஈரத்தையெல்லாம் குடித்துவிடும். மண் சுருங்கி ஓரத்திலிருந்து விலகும், நடுவில் வெடிக்கும், மூன்றாம் நாள் இதழ் உதிரும். அப்போது பூ வாடிவிட்டது என்று எல்லாரும் பூவைத்தான் குறை சொல்வார்கள். ஓடையில் இறங்கி, முழங்கால் வரை நனைந்து, அந்தக் கல்லை ஏற்றி இறக்கிய நான்கு பேருக்கும் எங்கள் வணக்கம்.

அடுத்து களிமண் மிதித்தவர்கள். எட்டடிக்கு நாலடிப் பலகையில் 2 செ.மீ. கனத்துக்குப் பூசினால் மண் மட்டுமே நூறு கிலோவைத் தாண்டும். அத்தனையையும் தண்ணீரும் உப்பும் சேர்த்து, கட்டியில்லாமல் காலால் மிதித்துப் பிசைய வேண்டும். உப்பு ஈரத்தைப் பிடித்து வைக்கும், மண் சீக்கிரம் காயாது. அதற்காக அள்ளிக் கொட்டினால் ஆணி துருப்பிடிக்கும். பதம் பார்க்க ஒரு வழி: கட்டைவிரலால் அழுத்தினால் தடம் நிற்க வேண்டும், விரலில் மண் ஒட்டி வரக் கூடாது. ஒட்டி வந்தால் தண்ணீர் அதிகம். பலகையை நிமிர்த்தும்போது படம் மொத்தமும் வயிறு தள்ளிக் கீழே இறங்கும். தடத்தின் ஓரம் பிளந்தால் தண்ணீர் போதாது. பட்டாணி அளவுக் கல் ஒன்று தங்கினாலும் அந்த இடத்தில் இதழ் படியாது. இதையெல்லாம் ரப்பர் பூட்ஸ் போட்ட பொடிசுகள் பாட்டுப் பாடிக்கொண்டே செய்து முடித்தார்கள். அன்றைக்கு அந்த பூட்ஸையும் காருக்குள் இருந்த கால்மிதியையும் கழுவிய பெற்றோருக்குத் தனி நன்றி. பிறகு கரணை பிடித்து மண்ணைக் கண்ணாடிபோல் தேய்த்துக் கொடுத்த கொத்தனார் ஐயாவுக்கும்.

படம் வரைந்தவர் முழு அளவுக் காகிதத்தில் வரைந்து தந்தார். காகிதத்தை மண்மேல் விரித்து, கோட்டின் மேலேயே முள் சக்கரத்தை உருட்டினால் புள்ளிப் புள்ளியாக வடிவம் மண்ணில் இறங்கும். தையல்காரர்கள் துணியில் தடம் எடுக்க வைத்திருக்கும் அதே சக்கரம்தான். இதில் சோம்பல் கூடாது. காகிதம் ஈரத்தில் ஊறிவிட்டால் கிழிந்து வரும், வரும்போது மண்ணையும் உரித்துக்கொண்டு வரும். இரண்டு பேர் உருட்ட, ஒருவர் பின்னாலேயே சரிபார்க்க, அரை மணி நேரத்துக்குள் எடுத்துவிடுவதுதான் சரி.

புள்ளிகளின் மேல் கறுப்புக் கோடு போட ஆல்டர் மரத்தின் காய்கள். ஆற்றோரத்தில் வளரும் மரம். இலை உதிர்ந்த பிறகும் சின்னச் சின்னக் கறுப்புக் காய்கள் கிளையிலேயே நிற்கும். 'கறுப்புக் குமிழ்' என்பது இந்தப் பக்கத்து வழக்கு. பனிக்காலத்தில் கைவிறைக்கப் பறித்து, பழைய பிஸ்கட் டப்பாக்களில் சேர்த்து வைத்தவர்களை ஜூலையில் யாரும் நினைப்பதில்லை. நாங்கள் நினைக்கிறோம். காப்பிக்கொட்டையும் ஆகும், ஆனால் காசு கரையும். விதைகள் வைத்தால் புறா விடாது.

இதழ் பதித்தவர்களுக்கு என்ன சொல்வது? நாட்கணக்கில் குனிந்த முதுகுகள். புதிதாக வந்து உட்கார்ந்தவர்களும் ஒரு மணி நேரத்தில் கை பழகிவிட்டார்கள் என்பதால், அடுத்த ஆண்டு வர நினைப்பவர்களுக்காக அந்த வேலையைச் சற்று நெருங்கிப் பார்ப்போம். நீண்ட நாள் தாங்குவது முதலில்: காய், பட்டை, பாசி, இலை. மென்மையான இதழ் கடைசியில். இதழை எப்போதும் படத்தின் கீழ்விளிம்பிலிருந்து மேல்நோக்கி அடுக்க வேண்டும். ஓடு வேய்வதுபோல ஒவ்வொரு மேல்வரிசையும் கீழ்வரிசையின் தலையை மூட வேண்டும். அப்போதுதான் மழைத்துளி வழிந்து இறங்கும். தலைகீழாக அடுக்கினால் தண்ணீர் இதழுக்கடியில் புகுந்து, ஒரே மழையில் வரிசை வரிசையாகக் கழன்றுவிடும். இதழின் காம்புப் பக்கத்தை மட்டும் மண்ணில் அழுத்த வேண்டும். நடுவில் அழுத்தினால் விரல் பட்ட இடம் மறுநாளே பழுப்பாகும். ஒரு சாண் இடத்தை மூட எத்தனை இதழ் வேண்டும் என்று எண்ணிப் பார்த்தால் கையை எடுத்துவிடத் தோன்றும், ஆகவே எண்ணாதீர்கள்.

நிறங்களில் நீலம்தான் தலைவலி. எந்தப் படத்திலும் வானம் பெரிய இடத்தைப் பிடித்துக்கொள்ளும், அதை நிரப்ப ஹைட்ரேஞ்சியாவை விட்டால் வழியில்லை. அந்தச் செடியோ அமில மண்ணில்தான் நீலமாகப் பூக்கும். எங்கள் சுண்ணாம்பு மண்ணில் வைத்தால் இளஞ்சிவப்புதான். வடக்கே டார்க் பீக் பக்கம் மணற்கல்லும் மட்கிய பாசிக்கரி நிலமுமாக மண் அமிலமாக இருக்கும். அங்குள்ள தோட்டங்களிலிருந்து வாளி வாளியாக நீலப் பூக்களை, காம்பைத் தண்ணீரில் வைத்தபடியே கொண்டுவந்து சேர்த்தவர்களே, இந்த ஆண்டு எங்கள் வானம் உங்களுடையது. தொட்டியில் அலுமினியம் சல்பேட் இட்டு நீலம் வரவழைத்த பாட்டிக்கும் நன்றி. டிஸ்ஸிங்டன்காரர்களை நினைத்தால் பாவமாக இருக்கும். அவர்களுடைய நாள் ஈஸ்டரோடு நகரும் விண்ணேற்ற வியாழன். ஏப்ரல் 30-க்கே வந்துவிடலாம், ஜூன் 3 வரையும் தள்ளலாம். முந்தி வந்த ஆண்டில் தோட்டத்தில் பூவே இருக்காது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வழியோரப் புல்வெளிகளில் கைவைக்காமல், வீட்டுத் தோட்டத்துப் பூக்களை மட்டும் கொண்டுவந்தீர்கள். காட்டுச் செடிகளை நில உரிமையாளர் அனுமதியில்லாமல் வேரோடு பிடுங்குவது 1981-ஆம் ஆண்டு வனவுயிர், நாட்டுப்புறச் சட்டப்படி குற்றம். இதழ் கிள்ளுவது வேறு என்று வாதாடலாம்தான். நீங்கள் வாதாடவில்லை.

வேலை நடந்த களஞ்சியத்தின் கதவுகளைச் சாத்தியே வைத்தவர்களுக்கும், பழைய ஹாலஜன் விளக்குகளைக் கழற்றிவிட்டு எல்இடி மாட்டியவருக்கும் நன்றி. காற்றும் விளக்குச் சூடும் ஓர் இரவில் செய்யும் கேட்டை வெயில்கூடச் செய்யாது. இரவில் ஈரத்துணி போர்த்தியவர்கள், காலையில் பனிபோலத் தண்ணீர் தெளித்தவர்கள் யார் யாரென்று எங்களுக்கே முழுதாகத் தெரியாது.

நிமிர்த்தும் நேரம்தான் எல்லாருக்கும் வயிற்றைக் கலக்கும். ஊறிய மரமும் மண்ணுமாகப் பலகை கனக்கும். எட்டுப் பேர் இல்லாமல் தொடக் கூடாது. ஒருவர் மட்டுமே குரல் கொடுக்க வேண்டும். டிராக்டர் டிரெய்லரை நடை வேகத்தில் ஓட்டி, ஒவ்வொரு பள்ளத்திலும் நின்று நின்று கொண்டுவந்த விவசாய அண்ணனுக்குக் கடன்பட்டிருக்கிறோம். தாங்கும் சட்டகத்தில் நிற்கும்போது பலகை சற்றுப் பின்பக்கம் சாய்ந்திருக்க வேண்டும். வடக்கு பார்த்த பலகை தெற்கு பார்த்ததைவிட அதிக நாள் தாங்கும், ஆனால் ஊற்று எந்தத் திசையில் இருக்கிறதோ அங்கேதானே வைக்க முடியும்! தடுப்புக் கயிற்றைப் பலகையிலிருந்து கைநீளத்துக்கு மேல் தள்ளிக் கட்டியதும் நல்ல யோசனை. குழந்தைகளைவிடப் பெரியவர்கள்தான் இதழைத் தொட்டுப் பார்க்கிறார்கள்.

ஊற்றுகளை ஆசீர்வதித்த போதகருக்கும், தூறலிலும் வாசித்த பேண்டுக்கும் நன்றி.

விழாவையொட்டிய நடைப்பயணத்தை நடத்தியவர்களுக்கு இதைவிட நீண்ட நன்றி தேவை. எட்டு கிலோமீட்டர்தானே என்று சிலர் நினைத்தார்கள். வழக்கமான கணக்கு மணிக்கு 5 கிலோமீட்டர், ஏற்றம் 600 மீட்டருக்கு ஒரு மணி நேரம் கூட்டல். இந்தக் கணக்கில் தாண்டுபடிகள் இல்லை. சாந்தில்லாமல் அடுக்கிய கல்சுவர்களில் ஆள் மட்டும் ஒருக்களித்து நுழையும் இடுக்குகளும் கல்படிகளும்தான் வழி. ஒருவருக்கு இருபது விநாடி என்றால் நாற்பது பேர் ஒரு சுவரைத் தாண்டப் பதின்மூன்று நிமிடம் போய்விடும். அதனால்தான் பதினைந்து பேராகப் பிரித்து, இருபது நிமிட இடைவெளியில் அனுப்பினார்கள். ஒயிட் பீக் பகுதிக்கான ஓஎல் 24 என்ற நடைவழி வரைபடத்தில் ஒவ்வொரு சுவரையும் முன்கூட்டியே நடந்து குறித்து வைத்தவர்களும் அவர்களே. உலர்தீவனத்துக்காகப் புல் வளர்த்திருக்கும் வயலில் ஒற்றை வரிசையில் போகச் சொன்னதும், கால் பட்டுத் தேய்ந்த சுண்ணாம்புக்கல் ஈரத்தில் சோப்பாக வழுக்கும் என்று ஒவ்வோர் இறக்கத்திலும் நினைவூட்டியதும் வெறும் கண்டிப்பில்லை. கன்றோடிருந்த பசுக்களை அடுத்த வயலுக்கு மாற்றிக் கொடுத்த குடும்பத்தாருக்குச் சிறப்பு நன்றி. கன்றுள்ள பசு நாயைக் கண்டால் துரத்தும். அப்போது நாயின் கயிற்றை விட்டுவிட வேண்டும், இரண்டு பேரும் தப்பலாம். பொதுமக்கள் நடமாடத் திறந்துவிட்ட வெட்டவெளி நிலங்களில் மார்ச் 1 முதல் ஜூலை 31 வரை நாயைக் குறுங்கயிற்றில்தான் பிடிக்க வேண்டும் என்பதை முணுமுணுக்காமல் ஏற்றுக்கொண்ட நாய்க்காரர்களுக்கும்.

உரிமப் படிவ வேலை பார்த்தவரை மறக்கவில்லை. மாலையில் பீர் விற்கவும் இசைக்கவும் தற்காலிக நிகழ்ச்சி அறிவிப்பு கொடுக்க வேண்டும்: கட்டணம் 21 பவுண்டு, ஒரே நேரத்தில் 499 பேருக்கு மேல் கூடாது, குறைந்தது பத்து முழு வேலைநாள் முன்னதாக. கொடுக்கும் நாளும் நிகழ்ச்சி நாளும் அந்தப் பத்தில் சேராது என்பதில்தான் பலரும் தடுக்கி விழுவார்கள். தேநீர், கேக், கார் நிறுத்தம், கழிப்பறை: நான்குமே முறையாக நடந்தன, நான்கையும் பற்றி ஒரு புகாரும் வரவில்லை. அந்த வேலைகளுக்கு இதைவிடப் பெரிய சான்றிதழ் கிடையாது.

கடைசியாக, எல்லாரும் போன பிறகு நின்றவர்களுக்கு. மண்ணோடு ஒட்டிய இதழ்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கினால்தான் தொட்டியில் பூஞ்சையும் நாற்றமும் வராது. ஆல்டர் காய்களைக் கழுவிக் காயவைத்து டப்பாவுக்கு அனுப்பியாயிற்று. பலகைகள் கழுவி, நிழலில் சாய்த்து உலர்கின்றன. களிமண் தொட்டியின் மேல் நனைத்த சாக்கு போர்த்தியிருக்கிறது. குளிர்காலம் முழுக்க அதை நனைத்து வைக்க ஒருவர் வேண்டும், மாதம் இருமுறை போதும்.

முள் சக்கரம் இரண்டில் ஒன்றைக் காணவில்லை. மரப்பிடியில் சிவப்பு நூல் சுற்றியிருக்கும். யார் வீட்டுத் தையல்பெட்டியில் இருந்தாலும் களஞ்சியச் சாவி வைத்திருப்பவரிடம் கொடுத்துவிடுங்கள்.

அன்புடன்,
பலகைக் குழுவினர்