மனுவின் கடைசிப் பத்தியில் நோயாளி: பேச்சு, செவித்திறன் துறைச் சக பணியாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்பிற்குரிய சக பணியாளர்களே, வணக்கம்.

சட்டமன்றக் குழுவிடம் அளிப்பதற்காக நம் சங்கம் தயாரித்திருக்கும் மனுவின் வரைவு கையொப்பத்துக்காக என்னிடமும் வந்தது. இரண்டு முறை படித்தேன். பதவிப் பெயருக்குச் சட்டப் பாதுகாப்பு, பணி உயர்வு, தகுதி பெறாதவர்கள் நம் பணியைச் செய்யத் தடை, தனி மன்றம் என்று ஒன்பது கோரிக்கைகள் வரிசையாக வருகின்றன. "நோயாளி" என்ற சொல் முதன்முதலாகத் தலைகாட்டுவது கடைசிப் பத்தியில். அதுவும் "நோயாளிகளின் நலன் கருதி மேற்கண்டவற்றை நிறைவேற்றித் தருமாறு" என்ற வழக்கமான முடிப்புக்குள். கோரிக்கைகளில் ஒன்றுகூட நியாயமற்றது என்று நான் சொல்ல வரவில்லை. வரிசை தலைகீழாக இருக்கிறது என்பதே என் குறை.

சென்ற ஆண்டு என்னிடம் பயிற்சிக்கு வந்த ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். பக்கவாதத்துக்குப் பின்னும் அவருடைய நினைவு தெளிவாக இருந்தது. சொல்தான் வாய்க்கு வரவில்லை. மேசைமேல் இருக்கும் கோப்பையைக் காட்டினால் "சாவி" என்பார். சொன்ன மறுகணமே அது தவறென்று அவருக்கே தெரிந்து தலையை அசைப்பார். நான் "கோ" என்று எடுத்துக் கொடுத்தால் "கோப்பை" என்று முடித்துவிடுவார். எடுத்துக் கொடுக்காமலே அவர் சொல்லத் தொடங்கிய வாரத்தில், காப்பீட்டுத் திட்டம் அனுமதித்திருந்த அமர்வுகள் தீர்ந்துபோயின. நீட்டிப்புப் படிவத்தில் "முன்னேற்றம் உண்டு", "இல்லை" என இரண்டே கட்டங்கள். உண்டு என்று குறித்தால் தேறிவிட்டார், இனித் தேவையில்லை என்கிறார்கள். இல்லை என்று குறித்தால் பலனில்லாத சிகிச்சைக்கு ஏன் பணம் என்கிறார்கள். இப்படி ஒரு படிவத்தோடு மல்லுக்கட்டாதவர் நம்மில் எத்தனை பேர்? அதை வடிவமைத்தவருக்கு நோயாளிமீது எந்தப் பகையும் இருந்திருக்காது. அஃபேசியா, அதாவது மூளை பாதிப்பால் சொல்லும் மொழியும் தடைபடும் நிலை, உள்ள ஒருவரோடு அவர் கால் மணி நேரம்கூட உட்கார்ந்ததில்லை. விதி எழுதப்பட்ட நாளில் அவருக்கு அதை எடுத்துச் சொல்ல நம்மவர் யாரும் அங்கே போகவும் இல்லை.

சட்டத்தில் உள்ள ஒரு வரையறை சிகிச்சை அறைக்குள் என்னவெல்லாம் செய்யும் என்பதற்கு முதியோருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்குமான அமெரிக்க அரசின் காப்பீடான மெடிகேர் திட்டத்தைக் காட்டிலும் தெளிவான சான்று எனக்குத் தெரியாது. அங்கே 1997இல் இயற்றப்பட்ட சட்டம் ஒன்று, புறநோயாளிகளின் மறுவாழ்வுச் சிகிச்சைக்கு ஆண்டுக்கு 1,500 டாலர் என்று உச்சவரம்பு வைத்தது. அன்றாட வேலைகளைச் செய்யப் பழக்கும் தொழில்வழிச் சிகிச்சைக்குத் தனியாக 1,500 கிடைத்தது. பேச்சுப் பயிற்சிக்குத் தனித் தொகை கிடைக்கவில்லை. "புறநோயாளி இயன்முறைச் சிகிச்சை" என்பதற்குள் பேச்சு, மொழிச் சிகிச்சையும் அடங்கும் என்று முந்தைய சட்டவாசகம் வரையறுத்திருந்ததால், இயன்முறைச் சிகிச்சைக்கும் பேச்சுப் பயிற்சிக்கும் சேர்த்து ஒரே 1,500 டாலர்தான் என்றாயிற்று. பக்கவாதத்தால் காலும் பேச்சும் ஒருங்கே பாதிக்கப்பட்டவர், நடக்கப் பழகுவதா பேசப் பழகுவதா என்று தமக்குள் முடிவு செய்துகொள்ள வேண்டிய நிலை. அந்த வரம்பைச் சில காலம் நிறுத்திவைத்தார்கள், பிறகு விதிவிலக்கு முறை ஒன்றைக் கொண்டுவந்தார்கள், அந்த விதிவிலக்கை நீட்டிக்கச் சொல்லி நம் துறையினர் மீண்டும் மீண்டும் நாடாளுமன்றப் படியேறினார்கள். 2018 பிப்ரவரியில்தான் வரம்பு நீங்கியது. செலவு எந்தத் தொகையைத் தாண்டினால் கூடுதல் சான்று கேட்பது என்று கணக்கிடும்போது இன்றும் இரண்டையும் சேர்த்தே கூட்டுகிறார்கள். பிறர் நாவில் ஓர் ஒலி பிசகினாலும் கண்டுபிடித்துவிடும் நாம், நம் பணியை ஆளும் சட்டத்தின் வரையறைப் பிரிவை மட்டும் படிக்காமல் விட்டுவிடுகிறோம்.

நம் வரைவின் ஏழாவது கோரிக்கை, எல்லா மகப்பேறு மருத்துவமனைகளிலும் பச்சிளங்குழந்தைகளுக்கான செவித்திறன் பரிசோதனைக் கருவி வேண்டும் என்கிறது. நல்ல கோரிக்கைதான், ஆனால் பாதியில் நிற்கிறது. ஒரு மாதத்துக்குள் பரிசோதனை, 3 மாதத்துக்குள் குறைபாட்டை உறுதிசெய்தல், 6 மாதத்துக்குள் பயிற்சியும் கருவியும் என்பது நாம் மாணவப் பருவத்திலேயே மனப்பாடம் செய்த கணக்கு. அமெரிக்காவில் 1999இல் பிறந்த குழந்தைகளில் பாதிக்கும் குறைவானவர்களுக்கே இந்தப் பரிசோதனை கிடைத்தது. சட்டமும் நிதியும் வந்தபின் அது நூற்றுக்கு 95ஐத் தாண்டியது. ஆயினும் பரிசோதனையில் தேறாத குழந்தைகளில் பலர் அடுத்த கட்டத்துக்கு வந்து சேரவில்லை; அதனால்தான் 2010இல் அச்சட்டத்தைப் புதுப்பித்தபோது தொடர் கவனிப்புக்கும் சிகிச்சைக்கும் அதில் அழுத்தம் தர வேண்டியிருந்தது. தூங்கும் குழந்தையின் காதில் சிறு முனையைச் செருகினால் சில நிமிடங்களில் பரிசோதனை முடிந்துவிடும். "மறுபரிசோதனை தேவை" என்ற சீட்டோடு வீடு திரும்பும் தாயை யார் அழைப்பது, எங்கே வரச் சொல்வது, வராவிட்டால் யாருடைய பதிவேட்டில் அது தெரியும் என்பவற்றைச் சட்டம் சொல்லாவிட்டால் அந்தச் சீட்டு வெறும் காகிதம். கருவி வாங்கித் தர எந்த அரசும் தயங்காது, திறப்பு விழா நடத்தலாம். பதிவேடு பார்க்கும் ஊழியருக்குத் திறப்பு விழா கிடையாது. நாம் கேட்டுப் பெற வேண்டியது அந்த ஊழியரைத்தான்.

சங்கடமான ஒன்றையும் எழுதத்தான் வேண்டும். மிதமான செவித்திறன் குறைபாடுள்ள பெரியவர்கள் மருந்துச் சீட்டில்லாமலே காது கேட்கும் கருவியை வாங்கலாம் என்று அமெரிக்காவில் 2017இல் சட்டம் வந்து, 2022 அக்டோபரில் நடைமுறைக்கும் வந்தது. அந்தப் பேச்சு எழுந்தபோதெல்லாம் நம்மில் பலர் எதிர்த்தோம். ஒரு காதில் மட்டும் கேட்காமல் போனதற்குக் காரணம் கட்டியாக இருக்கலாம், அது தவறிப்போகுமே என்ற அச்சம் உண்மையானது. கருவி விற்பனையால் வரும் வருமானம் போய்விடுமே என்ற அச்சமும் உண்மையானதுதான்; அதை நாம் முதலாவது அச்சத்தின் சட்டையை மாட்டி அனுப்பிவைத்தோம். கேட்டுக்கொண்டிருந்தவர்களுக்கு அது புரியாமல் போயிருக்கும் என்று நான் நம்பவில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு குழுவின் முன் பேச எனக்குப் பத்து நிமிடம் கிடைத்தது. அதில் ஏழு நிமிடத்தை டெசிபலிலும் உள்செவி நரம்பிலும் செலவழித்தேன். பிறகு ஓர் உறுப்பினர் கேட்டார்: "என் தாயாருக்குக் கருவி வாங்கிக் கொடுத்தேன். அதை இழுப்பறையில் போட்டு வைத்திருக்கிறார். ஏன்?" அன்று அந்த அறையில் எழுந்த மிகச் சிறந்த கேள்வி அது. கருவியைப் பொருத்திய பிறகு அவருடைய காதுக்கு ஏற்ப அதைப் பலமுறை சரிசெய்ய வேண்டும், பாத்திரச் சத்தமும் வாகன இரைச்சலும் திடீரென்று பெரிதாகக் கேட்பதற்கு அவர் பழக வேண்டும், அந்த வருகைகளுக்குப் பணம் தர எந்தத் திட்டத்திலும் இடமில்லை என்று விளக்கியிருக்கலாம். பாதி சொல்வதற்குள் மணி அடித்துவிட்டது. 43 கோடிப் பேருக்குச் செவித்திறன் மறுவாழ்வு தேவை என்றும், 2050இல் அது 70 கோடியைத் தாண்டும் என்றும், செலவிடும் ஒரு டாலருக்கு ஏறத்தாழ 16 டாலர் பயன் திரும்பும் என்றும் உலக சுகாதார நிறுவனம் 2021இல் வெளியிட்ட அறிக்கை சொல்கிறது. இவற்றை மனுவின் பிற்சேர்க்கையில் கொடுக்கலாம். நேரில் பேசும்போது அந்த இழுப்பறையைப் பற்றிப் பேசுவோம்.

ஆகவே வரைவுக் குழுவினரிடம் என் வேண்டுகோள் இது. அமர்வுகளின் எண்ணிக்கையை நோயாளியின் நிலையைக் கொண்டு முடிவு செய்யும் பிரிவும், பரிசோதனைக்குப் பிந்தைய தொடர் கவனிப்பும், கருவி பொருத்திய பின்னான வருகைகளுக்கு நிதியும் மனுவின் முதல் பக்கத்துக்கு வரட்டும்; பதவிப் பெயரும் பணி உயர்வும் அவற்றின் பின்னே வரலாம். சட்டம் நிறைவேறியதும் மாலை போட்டுவிட்டுக் கலைந்துவிடாமல், துறை அதிகாரிகள் விதிமுறைகளை எழுதும் மாதங்களிலும் தொடர்ந்து போக நம்மில் இருவரை இப்போதே நியமியுங்கள்; படிவத்தில் எத்தனை கட்டம் என்பது அங்கேதான் தீர்மானமாகிறது.

குழுவின் அடுத்த அமர்வுக்கு வர, நான் மேலே குறிப்பிட்ட நோயாளி ஒப்புக்கொண்டிருக்கிறார். மூன்று வாக்கியங்கள் பேச விரும்புகிறார். அதற்கு அவருக்குப் பத்து நிமிடம் வேண்டும், இடையில் யாரும் சொல்லை எடுத்துக் கொடுக்கக் கூடாது. இதைக் குழுச் செயலரிடம் முன்கூட்டியே எழுதிக் கேட்டுப் பெற வேண்டும். திருத்திய வரைவு வந்த அன்றே கையெழுத்திடுகிறேன். அதுவரை என் கையொப்பத்தை நிறுத்தி வைத்திருக்கிறேன்.

தங்கள் உண்மையுள்ள,
பேச்சுப் பயிற்சியாளர் ஒருவர்