தர்மண்டில் ஐந்து பேர்தானா, தம்பி?

அன்புள்ள தம்பி,

நீ அனுப்பிய படங்களைப் பார்த்தேன். "மொத்தம் அஞ்சு பேர், இதையும் ஊருன்னு மேப்ல போட்டிருக்காங்க, அரை மணி நேரத்துல கிளம்பிட்டோம்" என்று கீழே எழுதியிருந்தாய். அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவில் இருக்கும் தர்மண்டுக்குப் போகிறவர்கள் பலரும் அந்த ஐந்தை மட்டுமே பிடித்துக்கொண்டு திரும்புகிறார்கள். அதனால்தான் உனக்குத் தனியாக எழுதாமல் இங்கே எழுதுகிறேன்.

ஐந்து என்பது சரிதான். 2010 கணக்கெடுப்பிலும் ஐந்து, 2020-லும் ஐந்து. ஆனால் 1930-ல் எத்தனை பேர் தெரியுமா? 462. அவ்வளவுதான், நம் பக்கம் ஒரு தெருவிலேயே அதற்கு மேல் இருப்பார்கள். அந்தச் சின்ன ஊரின் ஸ்டேஷனில்தான் நல்ல காலத்தில் வருடத்துக்கு 95,000 பேர் வரை ஏறி இறங்கினார்கள், தினம் பதினைந்து பயணிகள் ரயில் வந்துபோனது, செசபீக் அண்ட் ஒஹையோ ரயில்வேக்குத் தன் பாதையிலேயே அதிக வருமானம் தந்த ஊராகவும் அது இருந்தது. சுற்றிலும் மலை இடுக்குகளில் சுரங்கங்கள். அங்கே வெட்டிய நிலக்கரியெல்லாம் வந்து சேர்ந்த இடம் இது. அங்கே போய்க் குடியிருப்பவர்களை மட்டும் எண்ணுவது, சந்தை கலைந்த பிறகு திடலில் தலை எண்ணுவது மாதிரி.

கடைகளுக்கு முன்னால் தெருவே இல்லை, கவனித்தாயா? நியூ ரிவர் பள்ளத்தாக்கில் ஆற்றுக்கும் மலைக்கும் நடுவே இருந்த கொஞ்ச இடத்தைத் தண்டவாளம் எடுத்துக்கொண்டது, வங்கியும் கடைகளும் அதைப் பார்த்தபடியே வாசல் வைத்துக் கட்டப்பட்டன. காரில் போனதால் உனக்கு அது பின்வாசல் வழியாக வீட்டுக்குள் நுழைந்த மாதிரி ஆகிவிட்டது.

ஊரை உருவாக்கிய கேப்டன் வில்லியம் தர்மண்ட் தன் நிலத்தில் சாராயத்தை விடவில்லை. ஆற்றுக்கு அந்தப் பக்கம் அவர் எல்லைக்கு வெளியே 1901-ல் டன் கிளென் ஹோட்டல் திறந்தது. குடி, சீட்டாட்டம் எல்லாம் அங்கே. பதினான்கு வருடம் நிற்காமல் ஒரே சீட்டாட்டம் நடந்தது என்றுகூடச் சொல்வார்கள். 1930-ல் அது எரிந்துபோனது. அடுத்து பொருளாதார வீழ்ச்சியில் வங்கியும் மூடியது.

இதையெல்லாம் விட எனக்கு வலிப்பது டீசல் கதைதான். நீராவி இன்ஜின் என்றால் கரி போட வேண்டும், தண்ணீர் பிடிக்க வேண்டும், மணல் நிரப்ப வேண்டும், சாம்பல் அள்ள வேண்டும், பழுது பார்க்க வேண்டும். தர்மண்டில் எத்தனையோ வீட்டில் அடுப்பு எரிந்தது அந்த வேலைகளால்தான். டீசல் இன்ஜினுக்கு அதில் பாதி தேவையில்லை, அது பாட்டுக்குக் கடந்து போய்விடும். இன்றும் அந்த வழியாகச் சரக்கு வண்டி போகிறது, நின்று கரி எடுத்துக்கொள்ளத்தான் ஆள் இல்லை. உன் மூன்றாவது படத்தில் பின்னால் தெரிகிற உயரமான கான்கிரீட் கோபுரம் இன்ஜினுக்குக் கரி கொட்டியதுதான், 500 டன் பிடிக்கும். நீ அதைச் சிலோ, அதாவது தானியம் சேர்த்துவைக்கிற கோபுரம், என்று எழுதியிருக்கிறாய்.

மீதி இருப்பவர்களும் சும்மா இல்லை. 2005 நகரத் தேர்தலில், அப்போது அங்கே இருந்த ஏழு பேரில் ஆறு பேர் பதவிகளுக்குப் போட்டியிட்டார்கள். உனக்குச் சிரிப்பு வரலாம், எனக்கு அவர்கள்மேல் மரியாதைதான் வந்தது.

சரி, அடுத்த முறை பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு ரயிலில் போ. அமெரிக்கப் பயணிகள் ரயில் நிறுவனமான ஆம்ட்ராக்கின் கார்டினல் ரயில் வாரத்தில் மூன்று நாள் அந்த வழியாகப் போகிறது, ஏறவோ இறங்கவோ ஆள் இருந்தால்தான் தர்மண்டில் நிற்கும். நீங்கள் டிக்கெட் எடுத்தால் உங்களுக்காக நிற்கும்.

அன்புடன்,
அண்ணன்