சான்டோரினில என்னை மலை முன்னாடி கொண்டு போய் நிறுத்தினவங்களுக்கு

வணக்கம் மக்களே. இந்த நன்றி மடல் ரொம்ப நாளா டிராஃப்ட்லயே கெடந்துச்சு. கிரீஸ் நாட்டு சான்டோரினித் தீவுல நடந்த எரிமலை ஆராய்ச்சி மாநாட்டுக்குப் போயிட்டு வந்துட்டேன், என் ஆராய்ச்சியைப் போஸ்டரா வெச்சேன், நாலு பேர் கிட்ட திட்டு வாங்கினேன், ஃபீல்ட் ட்ரிப்பும் போயிட்டேன். கடைசியா சொன்னதுதான் எனக்குப் பெருசு. ஆக்சிடென்ட்டுக்கு அப்புறம் என் வலது முட்டி சரியா மடங்காதுன்னு தெரிஞ்சவங்களுக்குத் தெரியும். கைத்தடி இல்லாம சரிவுல இறங்க முடியாது. ஜியாலஜி படிச்சவனுக்கு இதை விடக் கொடுமை வேற இல்ல, எல்லாரும் மலை ஏறிப் போவாங்க, நீ பஸ்லயே உக்காருன்னு சொல்லிடுவாங்க. ஒவ்வொரு தடவையும் அதேதான் நடந்திருக்கு. இந்தத் தடவை நடக்கல, அதுக்குக் காரணமான ஆளுங்களுக்குத்தான் இந்த மடல்.

முதல்ல வீட்டுப் பக்கத்து நன்றியை முடிச்சிடறேன். ஷெங்கன் விசாவுக்கு லெட்டர் மேல லெட்டர் கேட்டப்போ சலிச்சுக்காம டைப் பண்ணி, சீல் வெச்சு, கையெழுத்து வாங்கிக் குடுத்த ஆபீஸ் அக்காவுக்கு நன்றி. கிராண்ட் வர லேட் ஆகும்னதும் டிக்கெட் காசை ஆளுக்குக் கொஞ்சம்னு போட்டு அனுப்பின பசங்களுக்கும் நன்றி, பேர் போட்டா அடிப்பேன்னு சொல்லிருக்கீங்க, போடல. நான் போகணும்னு என்னை விடத் துடியா இருந்த எங்க கைடு மேடத்துக்குத் தனியா நேர்ல சொல்லிக்கறேன்.

இப்போ விஷயத்துக்கு வரேன். மாநாட்டுக்குப் பதிவு பண்ணினப்போ ஃபார்ம்ல, "எவ்ளோ தூரம் தொடர்ந்து நடக்க முடியும், படிக்கட்டா சரிவா எது சிரமம், நடுவுல உக்கார இடம் வேணுமா"ன்னு கேட்டிருந்தாங்க. நானும் ஏதோ சம்பிரதாயத்துக்குக் கேக்குறாங்கன்னு நெனச்சுத்தான் உள்ளதை உள்ளபடி எழுதிட்டேன். ரெண்டு வாரத்துல மெயில். எந்தெந்த இடத்துல வண்டி கிட்ட வரைக்கும் வரும், எந்த இடத்துல ஜல்லிப் பாதை, எங்க எனக்கு மாற்று ஏற்பாடுன்னு ஒவ்வொண்ணா எழுதி, ஃபோட்டோவோட அனுப்பிருந்தாங்க. அனுப்பினது ஏதென்ஸ்ல இருந்து வந்த ஃபீல்ட் ட்ரிப் தலைவி, அவங்க ஒரு மாசம் முன்னாடியே தீவுக்குப் போய் பாதை பூரா நடந்து பார்த்திருக்காங்க. பாவம்னு ஒரு வார்த்தை இல்ல, பெரிய மனசு காட்டுற மாதிரி ஒரு வரி இல்ல, பிளான் மட்டும்தான் இருந்துச்சு. மேடம், உங்களுக்கு இந்த மடல் படிக்க வராது, பரவால்ல, இங்கிலீஷ்ல தனியா அனுப்பிட்டேன், ஆனா என் மொழில சொன்னாத்தான் எனக்கு நன்றி சொன்ன மாதிரி இருக்கு.

தீவோட முக்கிய ஊரான ஃபிராவுக்குத் தெக்கால ஒரு பழைய குவாரி இருக்கு, வண்டி நேரா பாறைச் சுவருக்குப் பக்கத்துலயே போய் நின்னுச்சு. இந்தத் தீவோட எரிமலைச் சாம்பலைச் சுண்ணாம்போட கலந்தா தண்ணிக்குள்ளயும் இறுகிடும், அதனால 19ம் நூற்றாண்டுல சூயஸ் கால்வாய் வேலைக்குக் கப்பல் கப்பலா அள்ளிட்டுப் போயிருக்காங்க. அப்படி அள்ளினப்போதான் எதிர்ல இருக்கிற தெராசியா தீவுல புதைஞ்சு போன வீடுங்க தட்டுப்பட்டுச்சாம், 1866ல தொடங்கின வெடிப்பைப் பாக்க வந்த பிரெஞ்சு ஜியாலஜிஸ்ட் ஃபூக்கே அதையும் சேத்து ஆராய்ஞ்சிட்டுப் போனாரு. எனக்கு அந்தச் சுவர்தான் முக்கியம். சுமார் 3600 வருஷத்துக்கு முன்னாடி, வெண்கலக் காலத்துல நடந்த வெடிப்பு அங்க அடுக்கடுக்கா நிக்குது. அடியில லேசா ரோஸ் கலந்த வெள்ளை நுரைக்கல்லு, வானத்துல இருந்து கொட்டிச் சேந்தது. அதுக்கு மேல சாம்பல் அலையலையா, ஒண்ணை ஒண்ணு வெட்டிட்டுப் போகுது, ஏன்னா அந்தக் கட்டத்துல கடல் தண்ணி வெடிப்பு வாய்க்குள்ள புகுந்து, வெடிப்போட குணமே மாறி, சாம்பலும் ஆவியும் தரையோட தரையா பாஞ்சிருக்கு. அதுக்கும் மேல கல்லும் சாம்பலும் கலந்து அடுக்கு தெரியாம திரண்ட தடிமனான பகுதி, தீவுல சில இடத்துல 50 மீட்டருக்கு மேல இருக்கும்.

நடுவுல ஒரு கருப்பு லாவாக் கல்லு, என் ரெண்டு கையும் சேத்தாலும் அணைக்க முடியாத சைஸ், அது மேல இருந்து விழுந்த வேகத்துல கீழ இருந்த சாம்பல் அடுக்கு மெத்தைல யாரோ தொப்புன்னு உக்காந்த மாதிரி வளைஞ்சு இறங்கியிருக்கு. புத்தகத்துல நூறு தடவை பாத்த படம்தான். ஆனா அந்த வளைவுல விரல் வெச்சு, அடுக்கு எங்க அறுந்திருக்கு, எங்க வெறும்னே மடங்கியிருக்குன்னு தடவிப் பாக்குறது வேற. சாம்பல் அப்போ ஈரமா இருந்ததாலதான் இப்படி மடங்கியிருக்குன்னு தலைவி சொன்னாங்க. அங்க எனக்காக ஒரு மடக்கு ஸ்டூல் கொண்டாந்து போட்டிருந்தாங்க, ரொம்ப நேரம் அதுலயே உக்காந்திருந்தேன், யாரும் "போலாமா"ன்னு அவசரப்படுத்தல.

அங்கதான் ரிட்டயர்டு ஆன ஒரு பெரியவர் வந்து பக்கத்துல தரையிலயே உக்காந்தாரு. முந்தின நாள் என் போஸ்டர் முன்னாடி நின்னு கடுப்பேத்தினவர் அவர்தான். நுரைக்கல்லுக்குள்ள இருக்கிற குமிழி சிலது உருண்டையா இருக்கும், சிலது இழுபட்டுக் குழாய் குழாயா இருக்கும், மாக்மா, அதாவது உருகின பாறைக் குழம்பு, மேல ஏறும்போது எங்க எவ்ளோ இழுபட்டுச்சுன்னு அதை வெச்சு சொல்லலாம்ங்கிறதுதான் என் போஸ்டர். "லேப்ல அழகா இருக்கு, சுவர்ல காட்டு"ன்னாரு. ஹேண்ட் லென்ஸைக் கைல குடுத்து, அடியில இருந்து மேல வரைக்கும் ஒவ்வொரு மட்டத்துலயும் என்னை எண்ண வெச்சாரு. என் கை எட்டாத உயரத்துல அவர் ஏறி நின்னு பாத்து எண்ணிச் சொன்னாரு, அந்த வயசுல. குழாய்க் குமிழி விகிதம் மேல போகப் போக மாறுதா மாறலையான்னு யாராவது ஒழுங்கா பண்ணணும், நீயே பண்ணேன்னு சொல்லிட்டு எழுந்து போயிட்டாரு. அடுத்த பேப்பருக்கான கேள்வி அது. அரங்கத்துல ஸ்லைடு ஓடுற வேகத்துல இப்படி ஒரு கேள்வி எனக்குக் கிடைச்சிருக்கவே கிடைச்சிருக்காது, அதுலயும் பாதி பேர் லேப்டாப்ல அவங்க ஸ்லைடைத் திருத்திட்டு இருப்பாங்க.

இந்தத் தீவுக்கும் மாநாட்டுக்கும் பழைய தொடர்பு உண்டு, சொல்லிடறேன். அந்த வெண்கலக் கால வெடிப்புல புதைஞ்ச ஊரான அக்ரோதிரில 1967ல தொல்லியலாளர் மரினாட்டோஸ் தோண்ட ஆரம்பிச்சாரு, 1969லயே எரிமலைக்காரங்களும் தொல்லியல்காரங்களும் இங்க ஒண்ணா கூடிப் பேசிருக்காங்க, அப்புறம் 1978, 1989னு தொடர்ந்துச்சு. வெடிப்பு நடந்த வருஷத்தைப் பத்தின சண்டை இன்னும் ஓயல. சாம்பலுக்குள்ள கிடைச்ச ஒரு ஆலிவ் கிளையை வெச்சு கி.மு. 1627ல இருந்து 1600க்குள்ளன்னு 2006ல ஒரு குழு சொன்னாங்க, மத்தவங்க ஒத்துக்கல, டின்னர் டேபிள்லயும் அதே சண்டைதான். அக்ரோதிரில கூரைக்குக் கீழ நடைபாதை போட்டிருக்காங்க, எனக்குச் சிரமமே இல்ல. வெடிப்புக்கு முன்னாடி வந்த நிலநடுக்கத்துல இடிஞ்ச இடிபாடுகளை ஜனங்க ஓரமா குவிச்சு வெச்சிருக்காங்க, அதாவது வந்து சுத்தம் பண்ண ஆரம்பிச்சு, அப்புறம் திரும்பக் கிளம்பிருக்காங்க, ஏன்னா உள்ள ஒரு ஆளோட எலும்பும் கிடைக்கல.

நியா கமேனில நிலைமை வேற. கடைசியா 1950ல வெடிச்ச சின்னத் தீவு அது, மேல ஏறுற பாதை பூரா உருளுற ஜல்லி, என்னால முடியாதுன்னு மெயில்லயே சொல்லிட்டாங்க. அதனால மத்தவங்களை இறக்கி விட்டுட்டு, நான், ஒரு கர்ப்பிணி ஆய்வாளர், இடுப்பு வலிக்காரப் பேராசிரியர் ஒருத்தர், எங்க மூணு பேரையும் ஏத்திக்கிட்டு படகு கேப்டன் தீவைச் சுத்திக் காட்டினாரு. மேல ஏறினவங்களுக்கு ஆவியும் கந்தக வாசனையும் கிடைச்சுது. எங்களுக்கு லாவா கடல்ல வந்து நின்ன முகப்பு ஒண்ணு விடாம கிடைச்சுது, 1866லருந்து 1870 வரைக்கும் வந்தது எங்க முடியுது, அதுக்குப் பின்னாடி வந்தது எங்க ஏறி உக்காந்திருக்குன்னு கேப்டனே கை காட்டினாரு, அவர் படிச்சவர் இல்ல, வருஷக் கணக்கா விஞ்ஞானிங்களை ஏத்தி இறக்கிக் கேட்டுக் கேட்டே தெரிஞ்சுக்கிட்டாராம். திரும்பி வந்தவங்க எங்க ஸ்கெட்ச்சைக் கேட்டு வாங்கிக் காப்பி அடிச்சாங்க, அந்த சந்தோஷத்தை நான் மறைக்கப் போறதில்ல.

ரூம் மேட் இந்தோனேசியப் பொண்ணு, யோக்யகர்த்தாக்காரி. 2010ல அங்க மெராப்பி எரிமலை வெடிச்சு 300 பேருக்கு மேல செத்தப்போ ஸ்கூல் படிச்சிட்டு இருந்தாளாம். பஸ் அதினியோஸ் துறைமுகத்துக்குக் கொண்டை ஊசி வளைவுல இறங்குறப்போ எல்லாரும் கடலை ஃபோட்டோ எடுக்க, இவ மட்டும் பாறையவே பாத்துட்டு, 2025 பிப்ரவரில நிலநடுக்கம் தொடர்ந்து வந்து பத்தாயிரம் பேருக்கு மேல தீவை விட்டுக் கிளம்பினாங்களே, இந்த ஒத்த ரோட்டுல பாறை விழுந்திருந்தா என்ன ஆகியிருக்கும்னு கேட்டா. கைத்தடிக்காரன் நானும் அதையேதான் யோசிச்சிட்டு இருந்தேன். அன்னிக்கு ராத்திரி தூங்காம பேசினோம், கைத்தடி, வீல்சேர், கைக்குழந்தைன்னு இருக்கிறவங்களை எப்படி வெளியேத்துறதுங்கிறதை வெச்சு ஒரு சின்னக் கட்டுரை சேந்து எழுத ஆரம்பிச்சிருக்கோம். தங்கச்சி, உனக்கு ஸ்பெஷல் நன்றி, குறட்டையைப் பொறுத்துக்கிட்டதுக்கும் சேத்து.

பஸ் டிரைவர் அண்ணன், ஒவ்வொரு ஸ்டாப்லயும் படி உயரம் எனக்குத் தோதா இருக்கிற பக்கமா பாத்து நிறுத்தினீங்க, கவனிச்சேன். மரப்பெட்டி ஒண்ணைப் படிக்குக் கீழ போட்டதும் நீங்கதான்.

கடைசியா ரெண்டு விஷயம். அந்த ஃபார்ம் கேள்விகளை மாநாட்டுக்காரங்க அனுமதியோட தமிழ்ல எழுதி வெச்சிருக்கேன், உங்க டிபார்ட்மென்ட் ஃபீல்ட் ட்ரிப்புக்கு வேணும்னா கேளுங்க, அனுப்பறேன். டிக்கெட் காசு போட்ட பசங்களா, எரிமலைக் கல்லு எங்கடான்னு இனிமே யாரும் மெசேஜ் பண்ணாதீங்க, தலைவி முதல் நாளே தீவுல இருந்து ஒரு துண்டு கூட எடுக்கக் கூடாதுன்னுட்டாங்க. ஃபோட்டோதான் இருக்கு, வேணும்னா பிரிண்ட் போட்டுத் தரேன்.