ஈயத்தை நீக்க அடுப்புக்கரியை நம்பாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

அடுப்புக்கரியை வாளியில் நிரப்பி, மலை ஊற்றிலிருந்து வரும் பீலித் தண்ணீரை வடித்துக் குடித்தால், ஈயம் என்ற நச்சு உலோகம்கூட நீங்கிவிடும் என்று சென்ற வாரம் வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், இரண்டு வீட்டில் அதைச் செய்யத் தொடங்கிவிட்டார்கள். நான் தோட்டப் பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிக்கிறவன். பேசாமல் இருக்க மனம் வரவில்லை.

அடுப்புக்கரி வேறு, தண்ணீர் வடிக்கவென்று பதப்படுத்திய கரியான அக்டிவேட்டட் காபன் வேறு. அதைச் செய்ய, காற்றுப் புகாமல் கருக்கிய கரியில் 800 பாகை செல்சியசுக்கு மேலான சூட்டில் நீராவியைப் பாய்ச்ச வேண்டும். அல்லது கருக்கும் முன்பே பொஸ்போரிக் அமிலத்தில் ஊறவைக்க வேண்டும். அப்போதுதான் உள்ளே நுண்துளைகள் திறக்கும். அப்படிச் செய்த நல்ல கரியில் ஒரு கிராம் எடுத்தால், அந்தத் துளைகளின் உட்பரப்பு 1,000 சதுர மீற்றர்கூட வரும். உலோகத்துக்கு அதுமட்டும் போதாது. ஈயமும், கட்மியம் என்ற இன்னொரு நச்சு உலோகமும் ஒட்டிக்கொள்ள, மேற்பரப்பில் ஒட்சிசன் சேர்ந்த அணுக்கூட்டங்கள் வேண்டும். தண்ணீரில் அமிலம் கூடினால் அந்த இடங்களை ஐதரசன் பிடித்துக்கொள்ளும். ஈயம் தண்ணீரோடு போய்விடும். கிருமிக்கும் கரி காவல் இல்லை, கொதிக்கவைத்தே ஆக வேண்டும்.

ஆனால் கரியால் தண்ணீரைச் சுத்தமாக்க வேண்டும் என்ற அந்த வாசகருடைய ஆசை நியாயமானது. தேங்காய்ச் சிரட்டையில் இந்த அக்டிவேட்டட் காபனைச் செய்து நம் இலங்கை வெளிநாடுகளுக்கு ஏற்றுமதி செய்கிறது. மலையகத்தில் சிரட்டைக்குப் பதில் தேயிலைக் கழிவு இருக்கிறது. அதைக்கொண்டு ஈயம், செம்பு, குரோமியம் எல்லாம் தண்ணீரிலிருந்து எடுக்கலாம் என்று ஆய்வுகூடங்களில் காட்டியிருக்கிறார்கள். தேயிலைச் செடியைக் கவாத்து செய்யும்போது வெட்டிப்போடும் குச்சியான மிலாறை மட்டும் கேட்காதீர்கள். அது எங்கள் பெண்கள் தலையில் சுமந்து வருகிற அடுப்பு விறகு. தொழிற்சாலையில் சலித்து ஒதுக்கும் தூளும் நாரும் போதும். தலவாக்கலையில் தேயிலை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, பேராதனையில் பல்கலைக்கழகம் இருக்கிறது. இரண்டும் சேர்ந்து ஒரு தோட்டத்திலாவது சின்ன உலை வைத்துப் பார்க்கட்டும்.

அதற்கு முன்னால், எங்கள் பீலியில் எந்த உலோகம் எவ்வளவு இருக்கிறது என்று தெரிய வேண்டும். இதுவரை யாரும் எங்களுக்குச் சொன்னதில்லை. தண்ணீரைப் பரிசோதித்து, முடிவைத் தமிழில் எழுதி லயத்துச் சுவரில் ஒட்டுங்கள்.

அப்புறம், உலோகம் பிடித்து நிறைந்த கரியை எங்கே போடுவது என்பதையும் முதலிலேயே தீர்மானியுங்கள். லீக்ஸ் பாத்தியில் கொட்டினால், பிடித்ததெல்லாம் மண்ணுக்குத்தான் போகும்.

இப்படிக்கு,
தோட்டப் பாடசாலை ஆசிரியர் ஒருவர்,
தலவாக்கலை