டின் மீன் வேண்டாம், மச்சான்

அன்புள்ள சிவா,

கடிதம் கிடைத்தது. முழங்கால் பரவாயில்லை என்று எழுதியதில் சந்தோசம். ஆனால் அந்த முழங்காலோடு நீ நம் கனூப் பயணத்துக்கு ஒன்ராறியோவின் அல்கொன்குவின் பூங்கா வரைபடத்தில் பிக் ட்ரவுட் ஏரி வரைக்கும் சிவப்புக் கோடு போட்டு அனுப்பியிருக்கிறாயே, அதுதான் சரிவராது.

வரைபடத்தில் ஏரிகளுக்கு நடுவே உள்ள சின்னக் கோடுகளை நீ கவனிக்கவில்லை. அவைதான் போர்ட்டேஜ். அங்கே கனூ என்கிற துடுப்பு வள்ளம் நம்மைச் சுமக்காது, நாம்தான் அதைச் சுமக்க வேண்டும். சாமானை இரண்டு தடவையாகக் கொண்டுபோனால் ஒரு கிலோமீட்டர் பாதை மூன்று கிலோமீட்டர் நடையாகிவிடும். போன வருசம் நான் பட்ட பாடு அதுதான். கனூவின் குறுக்கே உள்ள நுகத்தைத் தோளில் வைத்து, தலை கனூவுக்குள் போய்விட்டால், தெரிவது கால் வைக்கும் இடம் மட்டும். உள்ளே அடைபட்ட நுளம்புகள் காதடியில் பாடும். அடிக்கலாமென்றால் இரண்டு கையும் கனூவைப் பிடித்திருக்கும்.

ஆகவே என் திட்டம் இது. கனூ என்றே பெயருள்ள ஏரியில் இறங்குவோம். ஜோ ஏரிக்கு 295 மீற்றர் போர்ட்டேஜ் ஒன்றுதான். அப்புறம் டீப்பீ ஏரி வரை தண்ணீர்தான். அங்கேயே இரண்டு இரவு. அனுமதிச் சீட்டு ஏரிக்குத்தான், கூடாரம் அடிக்கும் இடத்துக்கு இல்லை. செம்மஞ்சள் அடையாளம் உள்ள இடங்களில் எது காலியோ அது நமக்கு. மத்தியானத்தில் காற்று எழும்பிவிடும், அதனால் விடியவே வெளிக்கிட வேண்டும்.

ஓகஸ்ட் வேண்டாம். செப்டம்பர் கடைசி என்றால் பூச்சித் தொல்லை குறைவு, மேப்பிள் இலையும் சிவந்திருக்கும். ஐந்து மாதத்துக்கு முன்பே பதியலாம், ஏப்ரலில் நான் பார்த்துக்கொள்கிறேன். இரவில் குளிரும், தடித்த உடுப்பு கொண்டுவா.

சாப்பாட்டு விசயத்தில் கோபிக்காதே. ஏரிகளுக்கு உள்ளே தகரப் பேணியும் போத்தலும் கொண்டுபோகத் தடை. உன் டின் மீன் ஸ்காபரோ வீட்டிலேயே இருக்கட்டும். வறுத்த மா, பருப்பு, இடித்த சம்பல் போதும். கருவாடு என்று வாயெடுக்காதே, கரடிக்கு நம்மைவிட நல்ல மூக்கு. இரவில் சாப்பாட்டுப் பையை நாலு மீற்றர் உயரத்தில், அடிமரத்திலிருந்து இரண்டு மீற்றர் தள்ளிக் கட்டித் தூக்க வேண்டும். பற்பசையும் அதற்குள்தான்.

யாழ்ப்பாணத்துப் பண்ணைக் கடலில் கம்பு ஊன்றி வள்ளம் விட்டவன் நான் என்று எழுதியிருக்கிறாய். தெரியும், நானும் அதில் இருந்தவன்தானே. ஆனால் அங்கே எழுந்து நின்றோம். கனூவில் எழுந்தால் இரண்டு பேரும் தண்ணீரில்தான், அந்தத் தண்ணீர் பண்ணைத் தண்ணீரைப்போல் இளஞ்சூடாக இருக்காது. மிதவை அங்கியைக் கழற்றவே கூடாது.

உன் நிறையை உண்மையாக எழுது. பாரமானவன்தான் பின்னுக்கு இருந்து திருப்ப வேண்டும். எனக்கு இப்போது 84 கிலோ.

அன்புடன்,
ரவி