ஒரே பானைச் சோறு, இரண்டு உடம்பு

நாகர்கோவில்

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. இங்கே மழை பிடித்துக்கொண்டது. குலசேகரம் பக்கம் ரப்பர் பால் வெட்டு சரியாக நடக்கவில்லை என்று அண்ணன் குறைப்பட்டுக்கொள்கிறார். உன் அம்மாவைப் போய்ப் பார்த்தேன். கண்புரை அறுவைக்குப் பிறகு செய்தித்தாளைக் கண்ணாடி இல்லாமல் படிக்கிறார். கவலைப்படாதே.

நீ எழுதியதில் பாதிக்கு மேல் பெரியவளின் எடையைப் பற்றித்தான். இரட்டைப் பிள்ளைகள், ஒரே வீடு, ஒரே பானைச் சோறு; சின்னவள் மெலிந்திருக்கிறாள், பெரியவள் பருத்திருக்கிறாள்; அப்படியானால் பெரியவள் வாயைக் கட்டவில்லை என்பதுதானே பொருள் என்று கேட்டிருக்கிறாய். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அத்தனை ஆண்டுகள் கல்லூரியில் விலங்கியல் நடத்தியவள் என்ற உரிமையில் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

உன் பெண்கள் இருகரு இரட்டையர், அதாவது இரண்டு தனித்தனிக் கருமுட்டைகளில் உருவானவர்கள். ஒரே நேரத்தில் கருவில் வளர்ந்தார்களே தவிர, மரபணுக் கணக்கில் சாதாரண அக்கா தங்கைதான். தங்களுக்குள் வேறுபடக்கூடிய மரபணுக்களில் சராசரியாகப் பாதிதான் பொது. ஒரே கருமுட்டை இரண்டாகப் பிரிந்து உருவாகும் ஒருகரு இரட்டையருக்கோ ஏறத்தாழ முழுவதும் ஒன்றுதான். இந்த வேறுபாட்டை வைத்துத்தான் ஆய்வாளர்கள் கணக்குப் போடுகிறார்கள். இரு வகையினரும் வீட்டுச் சாப்பாட்டைப் பகிர்ந்துதான் வளர்கிறார்கள். எடையை வீட்டுச் சாப்பாடு மட்டுமே தீர்மானிப்பதானால் இரு வகையிலும் எடை ஒரே அளவுக்கு ஒத்துப்போக வேண்டும். போகவில்லை. அமெரிக்க ராணுவத்தில் இருந்த 4000-க்கும் மேற்பட்ட இரட்டை ஜோடிகளின் பதிவுகளை எடுத்து ஆல்பர்ட் ஸ்டங்கார்ட் குழுவினர் 1986-இல் வெளியிட்ட ஆய்வில், ஒருகரு இரட்டையரின் எடை இருகரு இரட்டையருடையதைவிட மிக நெருக்கமாக ஒத்துப்போனது. இருபது வயதில் மட்டுமல்ல, இருபத்தைந்து ஆண்டுகள் கழித்தும் அப்படித்தான்.

ஒருகரு இரட்டையரை எல்லாரும் ஒன்றுபோலவே நடத்துகிறார்கள், ஒரே தட்டில் ஊட்டுகிறார்கள், அதனால்தான் என்று நீ சொல்லக்கூடும். நியாயமான கேள்விதான். அதற்காகவே ஸ்வீடனில் பிரித்து வளர்க்கப்பட்ட இரட்டையரைத் தேடினார்கள். 1990-இல் வந்த அந்த ஆய்வில் தனித்தனி வீடுகளில் வளர்ந்த ஒருகரு ஜோடிகள் 93. உயரத்துக்கு ஏற்ற எடையில் அவர்களுக்குள் இருந்த ஒப்புமை ஆண்களில் 0.70, பெண்களில் 0.66. முழு ஒற்றுமைக்கு 1 என்று வைத்துக்கொண்டால் இது எவ்வளவு பெரிது என்று புரியும். வேறு அம்மா சமைத்தாள், வேறு ஊரில் வளர்ந்தார்கள்; உடம்பு தன் வழியில்தான் போயிருக்கிறது.

எனக்கு மிகவும் பிடித்த ஆய்வு கனடாவின் லவால் பல்கலைக்கழகத்தில் குளோட் பூஷார்ட் செய்தது. அதுவும் 1990-இல்தான் வெளிவந்தது. பன்னிரண்டு ஜோடி ஒருகரு இளைஞர்களை ஒரே இடத்தில் தங்கவைத்து, அவர்கள் உடம்புக்குத் தேவையானதற்கு மேல் நாளுக்கு 1000 கலோரி, வாரத்தில் ஆறு நாள், மொத்தம் 84 நாட்கள் ஊட்டினார்கள். அளவு எல்லாருக்கும் ஒன்று. உடற்பயிற்சியும் கட்டுப்பாட்டில். சராசரியாக 8.1 கிலோ கூடியது. ஆனால் ஒருவருக்கு 4.3 கிலோதான் கூடியது, இன்னொருவருக்கு 13.3 கிலோ! அதே 84,000 கலோரிதான், தோழி. இதில் யாரை உழைப்பாளி என்பாய், யாரைச் சோம்பேறி என்பாய்? ஒரே ஜோடியின் இருவருக்கும் கூடிய எடை நெருக்கமாக இருந்தது. ஜோடிக்கு ஜோடிதான் பெரிதும் மாறியது. அதிகப்படியான உணவைக் கொழுப்பாகச் சேர்ப்பதா, எங்கே சேர்ப்பது என்பதை அந்தந்த உடம்பு முடிவு செய்திருக்கிறது. இதைப் படித்த நாளிலிருந்து பருமனானவர்களைப் பார்த்து ‘கொஞ்சம் குறைத்துச் சாப்பிடுங்களேன்’ என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வருகிறது.

பிரிட்டனில் எட்டு முதல் பதினொரு வயதுக்குட்பட்ட 5092 இரட்டை ஜோடிகளை ஆராய்ந்து, எடையில் மரபணுவின் பங்கு என்று 2008-இல் சொன்ன எண் 77 சதவீதம். இதைத் தவறாகப் புரிந்துகொள்ளாதே. பெரியவளின் எடையில் 77 சதவீதம் மரபணு தந்தது என்று பொருளில்லை. அந்தப் பிள்ளைகளுக்குள் இருந்த ஏற்றத்தாழ்வில் அவ்வளவு பங்கை மரபணு விளக்குகிறது, அவ்வளவுதான். உங்கள் தோட்டத்தில் ஏத்தன் வாழையும் மட்டி வாழையும் ஒரே வரப்பில் நின்றதே, நினைவிருக்கிறதா? குலைகளின் அளவு வேறுபட்டது ரகத்தால். ஆனால் தண்ணீர் வராத ஆண்டில் இரண்டும் சேர்ந்தே சிறுத்தன. எடையும் அப்படித்தான். நம் தாத்தா காலத்தில் இந்த மரபணுக்கள் இல்லாமல் இல்லை. மரச்சீனிக் கிழங்கும் மீன் கறியும் தின்றுவிட்டு அவர்கள் நாள் முழுக்க மண்வெட்டி பிடித்தார்கள். இன்று பேக்கரியும் பாட்டில் பானமும் வாசலிலேயே இருக்கின்றன, நடை குறைந்துவிட்டது. அந்த மாற்றம் எல்லாரையும் தள்ளுகிறது. சிலரை அதிக தூரம் தள்ளுகிறது.

ஆகவே மாற்ற வேண்டியது வீட்டுப் பழக்கம், அதுவும் இருவருக்கும் சேர்த்து. பெரியவளின் தட்டில் மட்டும் சோற்றைக் குறைத்து, சின்னவளுக்கு நெய் ஊற்றுகிறேன் என்று எழுதியிருந்தாயே, அதை இன்றே நிறுத்து. ஃபின்லாந்தில் 16 வயதிலிருந்து 25 வயது வரை 4129 இரட்டையரைத் தொடர்ந்து கவனித்து 2012-இல் ஓர் ஆய்வு வந்தது. ஐந்து கிலோவுக்கு மேல் வேண்டுமென்றே குறைத்தவர், அப்படிக் குறைக்காத தன் ஒருகரு உடன்பிறப்பைவிட 25 வயதில் சற்றுக் கனமாகவே இருந்தார். மரபணு இருவருக்கும் ஒன்றுதான். பட்டினி போட்டு இளைக்கவைப்பது எங்கே கொண்டுபோய் விடுகிறது பார். இதில் பிளஸ் டூ படிக்கும் பிள்ளை, தன் தங்கையோடு ஒப்பிடப்பட்டுக்கொண்டே ஒவ்வொரு வேளையும் சாப்பிட உட்கார வேண்டியிருக்கிறது. அந்த வேதனையை நினைத்தால் எனக்குத் தாங்கவில்லை.

எடைக் கருவியை விட்டுவிட்டு, ஒருமுறை ரத்தச் சர்க்கரை பார்த்துவிடு. சின்னவளுக்கும் சேர்த்துப் பார். நம் ஊர் உடம்பில், பார்வைக்கு மெலிந்தவர்களுக்கும் வயிற்றைச் சுற்றிக் கொழுப்பு சேர்ந்து நீரிழிவு வருகிறது. அதனால்தான் இந்தியப் பெண்களுக்கு இடுப்புச் சுற்றளவு 80 செ.மீ-க்குள் இருக்க வேண்டும் என்று எல்லை வைத்திருக்கிறார்கள். ஒல்லியாக இருக்கிறாள் என்பதற்காக சின்னவளைக் கவனிக்காமல் விட்டுவிடாதே.

டிசம்பர் தொடக்கத்தில் கோட்டாறு திருவிழாவுக்கு வருவதாக எழுதியிருந்தாய். இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு வா. பெரியவளுக்கு நீந்த ஆசை என்று போன முறை என்னிடம் சொன்னாள். மழை நின்று தண்ணீர் தெளிந்தால் நம் வீட்டுக் குளத்தில் நானே கற்றுக்கொடுக்கிறேன். ரயிலுக்கு முன்பதிவு செய்ததும் எந்த வண்டி என்று எழுது, நிலையத்துக்கு அண்ணன் வருவார்.

அன்புடன்,
உன் விடுதித் தோழி